ஆர்வம் இல்லையாம்... யாரு சொன்னது?

“நம்ம பக்கத்துப் பொண்ணுங்களுக்கு ஃபுட்பால்ல எல்லாம் ஆர்வம் கிடையாதுங்க.”

இப்படி ஒருத்தர் சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கு இன்னும் ஆறல. அதான் இந்தப் பதிவு. (நீளமாத்தான் வரும். டீயப் போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.)

சொன்னவரு நல்ல மனுஷன். பாண்டியிலேருந்து குடும்பத்தோட எங்க கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்கு வந்திருந்தாரு. மக ஆஸ்திரேலியால படிக்குதாம். அங்க பொண்ணுங்க ஆடுற ஃபுட்பால் மேட்ச் ஒண்ண இவரும் போயிப் பாத்திருக்காரு. “தனி லீக்கே இருக்குங்க. சம்பளம் குடுக்குறாங்க. குடும்பம் குடும்பமா வந்து பாக்குறாங்க. நம்மூரு பொண்ணுங்களுக்கு அந்த ஆர்வம் வராது”ன்னு முடிச்சிட்டாரு.

அவரு சொன்னதுல முதல் பாதி முழுக்க உண்மை. ரெண்டாவது பாதி முழுக்கத் தப்பு.

ரெண்டையும் பேசிடுவோம்.

மொதல்ல அந்த ஆட்டம். நாம பாக்குற ஃபுட்பால் இல்ல அது. ஆஸ்திரேலியன் ரூல்ஸ். அங்க செல்லமா ‘ஃபுட்டி’ம்பாங்க. கிரிக்கெட் மைதானம் அளவுக்குப் பெரிய இடம். பந்து நீளவாக்குல இருக்கும். பனங்காய உருட்டி விட்டா எந்தப் பக்கம் திரும்பும்னு யாராலயும் சொல்ல முடியாதுல்ல? அப்படித்தான் தரையில பட்டதும் அது இஷ்டத்துக்குத் துள்ளும்.

காலால உதைக்கலாம். கையால புடிக்கலாம். புடிச்சுக்கிட்டு ஓடலாம் (ஆனா 15 மீட்டருக்குள்ள ஒரு தடவ தரையில தட்டியாகணும்). தூக்கி எறிய மட்டும் கூடாது. ஒரு கையில பந்த வச்சு, இன்னொரு கை முஷ்டியால குத்தித்தான் அடுத்தவங்களுக்கு அனுப்பணும். ரெண்டு பக்கமும் நாலு நாலு கம்பம். நடுக் கம்பம் ரெண்டுக்கும் இடையில உதைச்சா 6 பாயிண்ட். நடுக் கம்பத்துக்கும் ஓரத்துக் கம்பத்துக்கும் இடையில போனா 1 பாயிண்ட். உயர வர்ற பந்துக்காக அடுத்தவங்க முதுகுல முட்டிய ஊன்றி ஏறிப் புடிப்பாங்க பாருங்க... நான் போன்லதான் பாத்தேன். உடம்பு சிலிர்த்துச்சு.

பொண்ணுங்களுக்கான தேசிய லீக், ஏ.எஃப்.எல்.டபிள்யூ, 2017 பிப்ரவரி 3ஆம் தேதி மெல்போர்ன்ல ஆரம்பிச்சுச்சு. கார்ல்டனுக்கும் காலிங்வுட்டுக்கும் முதல் மேட்ச். அனுமதி இலவசம். 24,568 பேரு உள்ள போனதும் கேட்ட மூடிட்டாங்க. உள்ள வர முடியாம வெளிய நின்னவங்க வேற. அப்ப 8 அணி. 2022ல 18 அணி ஆயிடுச்சு.

அத விடுங்க. என்ன யோசிக்க வச்சது வேற ஒண்ணு.

அந்த ஊருப் பொண்ணுங்க ஃபுட்டி ஆட ஆரம்பிச்சது 2017ல இல்ல. 1915லயே, முதல் உலகப் போர் நடந்துட்டு இருந்தப்ப, பெர்த் நகரத்துல கடையில வேல பாத்த பொண்ணுங்க அணி கட்டி ஆடியிருக்காங்க. 1981ல விக்டோரியா மாநிலத்துல பெண்களுக்குன்னே ஒரு லீக் ஆரம்பிச்சாங்க. அதுல கைக்காசு போட்டு ஆடினவங்க எத்தனையோ பேரு.

அதாவது ஆர்வம் 100 வருஷமா இருந்துச்சு. சம்பளம் குடுக்குற லீக்தான் இல்ல. அது வந்ததும் ஒரே ராத்திரில 24,568 பேரு வந்து நின்னாங்க.

இப்ப சொல்லுங்க. மொதல்ல வரவேண்டியது ஆர்வமா, ஏற்பாடா?

வந்த சம்பளமும் ஒண்ணும் கொட்டிக் குடுக்கல. முதல் சீசனுக்குப் பெரும்பாலான பொண்ணுங்களுக்கு 8,500 டாலர். பெரிய பேரு உள்ள சில பேருக்கு மட்டும் 27,000. சீசன் ரெண்டு மாசம். அத வச்சு வருஷம் பூரா யாரு சாப்பிடுறது? அதனால பல பேரு வேற வேலையும் பாத்தாங்க. மெல்போர்ன் அணியோட முதல் கேப்டன் டெய்சி பியர்ஸ் மருத்துவச்சி. பிரசவம் பாக்குற வேல! ராத்திரி ஆஸ்பத்திரி, பகல்ல பயிற்சின்னு எப்படி ஓட்டியிருப்பாங்கன்னு நெனச்சாலே மலைப்பா இருக்கு. அடிலெய்ட் அணியோட எரின் பிலிப்ஸ் அமெரிக்கா வரைக்கும் போயி கூடைப்பந்து ஆடிட்டு, முப்பது வயசுக்கு மேல, சின்ன வயசுல ஆசப்பட்ட ஆட்டத்துக்குத் திரும்பி வந்தாங்க.

அப்புறம் அந்தப் பொண்ணுங்க சங்கமா நின்னு கேட்டு வாங்கினாங்க. 2022ல குறைஞ்சபட்ச சம்பளம் 39,184 டாலர் ஆச்சு. அஞ்சு வருஷத்துல நாலு மடங்குக்கும் மேல.

(உடுப்பு விஷயம் ஒண்ணு சொல்லணும். “அரைக்கால் டவுசர் போட்டு ஆடணுமாமே”ன்னு இங்க அம்மாமாரு தயங்குவாங்க. அது நம்மூரு தயக்கம் மட்டும் இல்ல. 2019ல டெய்லா ஹாரிஸ்னு ஒரு வீராங்கனை கால ஓங்கி உதைச்ச போட்டோ ஒண்ணு வெளிவந்துச்சு. என்ன ஒரு உதை! அதுக்குக் கீழ இணையத்துல அவ்ளோ அசிங்கமா எழுதினாங்க. டிவிக்காரங்க போட்டோவையே எடுத்துட்டாங்க. சனங்க சத்தம் போட்டதும் திரும்பப் போட்டாங்க. அதே வருஷம் அந்த உதைய அப்படியே செலையா வடிச்சு மெல்போர்ன்ல வச்சாங்க. அசிங்கமா பேசுறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. பொண்ணு பக்கம் எத்தன பேரு நிக்கிறாங்கங்கறதுதான் கணக்கு.)

சரி. இப்ப நம்ம பக்கம், நாம பாக்குற ஃபுட்பாலுக்கே வருவோம்.

“நம்ம பக்கத்துல”ன்னாரே அந்த மனுஷன், எங்க ஊர்லேருந்து ஈ.சி.ஆர்ல தெக்கால போனா பாண்டி. அதத் தாண்டினா கடலூர். இதே கடல், இதே வெயில், இதே உப்புக் காத்து. அந்தக் கடலூர்லேருந்து இந்திய அணிக்கு ஆடின பொண்ணுங்க இருக்காங்க. இது எத்தன பேருக்குத் தெரியும்?

இந்துமதி கதிரேசன். 1994ல பொறந்தவங்க. நடு மைதானத்துல ஆடுறவங்க. 2019 மார்ச்ல நேபாளத்துல பிராட்நகர்ல தெற்காசியக் கோப்பை நடந்துச்சு. அரையிறுதில வங்கதேசத்த இந்தியா 4-0ன்னு ஜெயிச்சுது. அதுல ரெண்டு கோல் இந்துமதி. ஃபைனல்ல நேபாளத்த அவங்க மண்ணுலயே 3-1ன்னு ஜெயிச்சு, இந்தியா தொடர்ந்து அஞ்சாவது தடவ கோப்பைய எடுத்துட்டு வந்துச்சு.

அதே வருஷம் மே மாசம் லூதியானாவுல இந்திய மகளிர் லீக் ஃபைனல். நம்ம சேது எஃப்.சி, மணிப்பூர் போலீஸ் அணிய 3-1ன்னு அடிச்சு சாம்பியன். மதுரைப் பக்கத்து கிளப்! மணிப்பூருங்கறது பொண்ணுங்க ஃபுட்பாலோட தாய்வீடு. அவங்கள ஜெயிச்சதுன்னா சும்மா இல்ல. சேது அணியோட பயிற்சியாளரும் ஒரு பெண்தான், அம்ருதா அரவிந்த்.

அதுக்கு முந்தி 2018 பிப்ரவரில கட்டாக்ல சீனியர் தேசியப் போட்டி ஃபைனல். அங்கயும் மணிப்பூர்தான் எதிர. தமிழ்நாடு 2-1. மாநில வரலாற்றுலயே முதல் பட்டம். 2023 ஜூன்ல அமிர்தசரஸ்ல ஹரியானாவ 2-1ன்னு ஜெயிச்சு ரெண்டாவது பட்டம்.

ஆர்வம் இல்லாத பொண்ணுங்கதான் இதெல்லாம் பண்ணாங்களா?

கடலூர் எப்படி மேல வந்துச்சுன்னு பாருங்க. இதுலதான் விஷயமே இருக்கு.

அங்க மாரியப்பன்னு ஒரு பயிற்சியாளர். இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமின்னு ஒண்ண ஆரம்பிச்சு பொண்ணுங்கள ஆட வச்சாரு. 2004 சுனாமி அந்தக் கரைய எப்படி அடிச்சுதுன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்ல. வீட்ட இழந்து, பெத்தவங்கள இழந்து, அரசு இல்லத்துல வளர்ந்த புள்ளைங்களும் அவருகிட்ட பந்து ஆட வந்தாங்க. அரசு விடுதில தங்கிப் படிச்சவங்கதான் சந்தியா ரங்கநாதனும். சேது எஃப்.சிக்கும் ஆடினாங்க, இந்தியாவுக்கும் ஆடினாங்க.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. விடுதில இருந்த பொண்ணு சாயங்காலம் தண்ணி புடிக்கப் போகவேண்டியதில்ல. தம்பிக்கு சோறு ஊட்டவேண்டியதில்ல. “இருட்டுறதுக்குள்ள வந்துடு”ன்னு கூப்புட ஆளில்ல. (அந்தக் கூப்பாடு இல்லாதது எவ்ளோ பெரிய துக்கம்னும் எனக்குத் தெரியும்.) எல்லாத்தையும் இழந்த புள்ளைங்களுக்கு ஒண்ணே ஒண்ணு மிஞ்சுச்சு. நேரம். அத அந்த மனுஷன் வீணாக்க விடல.

அதுக்கப்புறம் கல்லூரில விளையாட்டு ஒதுக்கீடு. அதுக்கும் அப்புறம் வேல. இந்துமதி தமிழ்நாடு போலீஸ்ல சப் இன்ஸ்பெக்டர். 2020ல கொரோனா ஊரடங்கு அப்ப, இந்தியாவுக்கு ஆடின அந்தக் காலு சென்னை ரோட்டுல ட்யூட்டி நின்னுச்சு. மெல்போர்ன்ல மருத்துவச்சி, சென்னையில சப் இன்ஸ்பெக்டர். ரெண்டு பேருக்கும் ஆட்டம் வயித்த நிரப்பல, வேலதான் ஆட்டத்தத் தாங்குச்சு.

எத்தனையோ பேரு ‘தெறம’, ‘தெறம’ம்பாங்க. தெறமைய நான் எங்க ஊருத் தெருவுலயே பாக்குறேன். பத்து வயசுல எல்லாப் பொண்ணும் ஓடுது. பதினாலு வயசுல தொடங்கி இருபது வயசு வரைக்கும் மைதானத்துல நிக்க வைக்கிறதுதான் கஷ்டம். அந்த ஆறு வருஷத்த யாரு தாங்குறாங்களோ அவங்க ஊர்லேருந்துதான் வீராங்கனை வருவாங்க. கடலூர்ல ஒரு பயிற்சியாளரும் ஒரு விடுதியும் ஒரு ஒதுக்கீடும் சேர்ந்து தாங்குச்சு. இதுதான் நான் சொல்லவந்த ஒரே விஷயம். மிச்சமெல்லாம் இதுக்கு விளக்கம்தான்.

எங்க ஊர்ல பொண்ணுங்கள ஆட வைக்க நாங்க முயற்சி பண்ண கதைய சொல்றேன். சில பேருக்காவது உதவும்.

எங்க பக்கம் இடத்துக்குப் பஞ்சமில்லன்னு வெளியூர்க்காரங்க நெனப்பாங்க. கடற்கரை மணல்ல ஆடலாமேன்னு. ஆடிப் பாத்தோம். காலுக்கு வலு ஏறும், பந்து உருளாது. கடத்துறது, வாங்குறது எதுவுமே கத்துக்க முடியல. ஓட்டப் பயிற்சிக்கு மட்டும் மணல்னு வச்சுக்கிட்டோம்.

மரக்காணம் பக்கத்து உப்பளத்த ஒட்டின களிமண் தரை காஞ்சா சிமெண்ட் மாதிரி கெட்டியா இருக்கும். பந்து சூப்பரா ஓடும். ஆனா விழுந்தா முட்டி போச்சு. வெறுங்கால்ல ஆடுற புள்ளைங்களுக்கு உப்பு படிஞ்ச தரை பாதத்த அறுத்துடும். வேணாம்னு விட்டோம்.

கடைசியா கெடச்சதுதான் சவுக்குத் தோப்பு. வெட்டி முடிச்சு அடுத்த நடவு வர்ற வரைக்கும் சில எடம் சும்மா கெடக்கும். ஓனர்கிட்ட கேட்டோம். “கட்டைய எல்லாம் நீங்களே தோண்டி எடுத்துட்டு ஆடிக்கோங்க”ன்னாரு. அம்மா அப்பா எல்லாரும் கடப்பாரையோட வந்தாங்க பாருங்க, அந்த ஞாயித்துக்கெழம எனக்குத் திருவிழா. சவுக்குக் கழிய நட்டே கோல் போஸ்ட். மீன்வலைத் துண்டு கட்டி நெட்டு. (வலைக்குள்ள பந்து போயி விழுற சத்தத்துக்காகவே புள்ளைங்க இன்னும் ஓங்கி அடிக்குதுங்க.)

இடம் ஆச்சு. நேரம்?

சாயங்காலம் அஞ்சு மணின்னு வச்சோம். சின்னப் பொண்ணுங்க வந்தாங்க, பெரிய பொண்ணுங்க வரல. அது தண்ணி வர்ற நேரம், ட்யூஷன் நேரம். சரி, காலைலன்னு மாத்தினோம். தை பொறந்து மழை எறங்குற வரைக்கும் உப்பள சீசன். வெயில் ஏறுறதுக்கு முந்தியே உப்பு வாரணும்னு அம்மாமாரு விடியக்காலையில வேன்ல கெளம்பிடுவாங்க. அப்ப வீட்டுல சோறு பொங்கி, தம்பி தங்கச்சிய குளிப்பாட்டி பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது யாரு? அதே பதினாலு வயசுப் பொண்ணுதான்.

ஒருத்தி சொன்னா: “அக்கா, எனக்கு ஆட ஆசைதான். தங்கச்சிய யார்கிட்ட விட்டுட்டு வர்றது?”

அதுக்கு நான் யோசிச்சு யோசிச்சு ஒண்ணும் கெடைக்கல. பதில் சொன்னது இன்னொரு பொண்ணு. “அதயும் தூக்கிட்டு வாடி.”

அவ்ளோதான்! தம்பி தங்கச்சி எல்லாத்தையும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னோம். ஓரமா ஒரு பாய். ஒரு பாட்டி காவலுக்கு. ஒரு டப்பா பொரி. பெரிய பொண்ணுங்க நிம்மதியா ஆட, அஞ்சு வயசு வாண்டுங்க இன்னொரு பந்த வச்சு ஓரத்துல தனி மேட்ச் நடத்துதுங்க. இப்ப அந்த வாண்டுங்கள வீட்டுக்கு அனுப்புறதுதான் பெரும்பாடு.

உடுப்புக்கும் அம்மாமாரே வழி சொன்னாங்க. முழுக்கால் டிராக் பேண்ட். ஆடுறவ ஆடட்டும், சண்ட எதுக்கு. பெரிய போட்டின்னு போறப்ப அரைக்கால் டவுசர அவங்களே கேட்டு வாங்கிப் போட்டுக்குவாங்க.

இப்ப ஒரு பெரிய சங்கடத்துக்கு வர்றேன். இத எழுதத்தான் ராத்திரி உக்காந்தேன்.

கீழ்புத்துப்பட்டுன்னா ஐயனார் கோயில் தெரியும் பல பேருக்கு. இங்க இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கு. 2021ல அரசாங்கம் ‘மறுவாழ்வு முகாம்’னு பேரு மாத்துச்சு. தமிழ்நாடு முழுக்க இப்படி நூத்துக்கு மேல முகாம், அதுல சுமார் 58,000 பேரு. எங்க சவுக்குத் தோப்புல ரொம்ப நல்லா ஆடுற பொண்ணுங்கள்ல சில பேரு அந்த முகாம் புள்ளைங்க. இங்கயே பொறந்தவங்க. இங்கயே படிக்கிறவங்க. அவங்க அம்மா அப்பாவுலயே பல பேரு இங்க பொறந்தவங்கதான்.

ஒரு அம்மாகிட்ட சொன்னேன், “உங்க பொண்ணு கால்ல பந்து ஒட்டிக்கிட்டு வருது. விடாம ஆட வைங்க.”

அவங்க சிரிச்சாங்க. “ஓம் அக்கா, நல்லா ஓடுறாள்தான். ஓடி எங்க போய்ச் சேரப்போறாள் சொல்லுங்கோ?”

என்கிட்ட பதில் இல்ல.

ஏன்னா கடலூர்ப் பொண்ணுங்க ஏறின ஏணில, இந்தப் பொண்ணுக்கு மேல் படியே கெடையாது. போலீஸ் வேலைக்கு இந்தியக் குடியுரிமை வேணும். இந்திய ஜெர்சி போட இந்திய பாஸ்போர்ட் வேணும். இந்தியாவுல பொறந்ததுனாலயே குடிமகன்கிற சட்டம் 1987 ஜூலை 1க்கு முந்திப் பொறந்தவங்களுக்குத்தான். இங்க இருக்குற புள்ளைங்க எல்லாம் அதுக்குப் பின்னாடி பொறந்தவங்க. 2019ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துலயும் இலங்கைலேருந்து வந்தவங்க பேரு இல்ல.

பள்ளிக்கூடம் போகலாம். கல்லூரி போகலாம். ஆனா இந்துமதிக்கு அந்த வேல குடுத்த நிம்மதி இவளுக்குக் கெடைக்காது. அது தெரிஞ்சே ஒரு தாய் பதினாலு வயசுப் பொண்ண மைதானத்துக்கு அனுப்பணும். எவ்ளோ பெரிய மனசு வேணும்!

இந்த எடத்துலதான் அந்த ஆஸ்திரேலியா லீக்ல எனக்கு ரொம்பப் புடிச்ச வீராங்கனையப் பத்திச் சொல்லணும்.

அகெச் மகூர் சுவோட். 1992ல சூடான்ல பொறந்தவங்க. போருக்குத் தப்பி ஓடி, கென்யாவுல ககுமா அகதிகள் முகாம்ல வளந்தவங்க. 2005ல, பன்னெண்டு வயசு வாக்குல, குடும்பத்தோட பெர்த் வந்து எறங்கினாங்க. 1915ல கடைப் பொண்ணுங்க ஆடினாங்கன்னு சொன்னேன்ல, அதே பெர்த். அந்தப் புது ஊர்ல அந்தக் கோணப் பந்து கைக்கு வந்துச்சு. லீக் ஆரம்பிச்சப்ப ஃபிரமாண்டில் அணி எடுத்துக்கிச்சு. ஆப்பிரிக்காவுல பொறந்து அந்த லீக்ல ஆடின முதல் பெண் அவங்கதான்.

அதோட கதை சுபம்னு முடியல. ஃபிரமாண்டில் அணில எடம் போயிடுச்சு. ஊர விட்டு மெல்போர்ன் போனாங்க. ஒரு படி கீழ எறங்கி மாநில லீக்ல ஆடினாங்க. அங்கேருந்து மறுபடி ஏறி ரிச்மண்ட் அணி. அதுக்குப் பின்னாடி ஹாத்தார்ன் அணி. ஒரு வீராங்கனையோட தொடக்க காலம்னா இப்படித்தான் இருக்கும். எடுப்பாங்க, விடுவாங்க, மறுபடி வாசல்ல போயி நிக்கணும். அந்த விடுற நேரத்துல புடிச்சு நிறுத்த ஒரு லீக், ஒரு வேல, கைல ஒரு குடியுரிமைச் சீட்டு இருந்துச்சுன்னா திரும்பி வரலாம்.

ஆஸ்திரேலியா அகதிகள எல்லாரையும் அன்பாத்தான் நடத்துதுன்னு நான் சொல்ல வரல. படகுல போன நம்ம தமிழ்ச் சனங்க அங்க பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனா முகாம்ல வளந்த ஒரு பொண்ணுக்கு நாடும் மைதானமும் சேந்து கெடைச்சா என்ன ஆகும்கிறதுக்கு அகெச் சாட்சி. ககுமாவுல அவங்க ஓடினதும், கீழ்புத்துப்பட்டுல இந்தப் பொண்ணு ஓடுறதும் ஒரே ஓட்டம். முன்னாடி இருக்குற கதவுலதான் வித்தியாசம்.

நல்ல சேதியும் இருக்கு, சொல்லிடறேன். 2025 ஜூலை 5ஆம் தேதி, தாய்லாந்துல சியாங் மாய் நகரத்துல, நம்ம இந்தியப் பொண்ணுங்க தாய்லாந்த 2-1ன்னு ஜெயிச்சாங்க. ரெண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். அதுல 2026 மார்ச் ஆசியக் கோப்பைக்குத் தகுதி. தகுதிச் சுற்றுல ஆடி ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குப் போறது இதுதான் முதல் தடவ. (2022ல நம்ம நாட்டுலயே நடந்தப்ப, அணில பாதிப் பேருக்குக் கொரோனா வந்து பாதியிலயே வெளியேற வேண்டியதாப் போச்சு. அந்த அணிலயும் இந்துமதி இருந்தாங்க. அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல.) 2026 போட்டி எங்கன்னு நெனைக்கிறீங்க? ஆஸ்திரேலியா! பெர்த்தும் அதுல ஒரு மைதானம்!

சம்பளமும் மெல்ல மெல்ல நகருது. மகளிர் லீக் கிளப்புங்க குறைஞ்சது 10 இந்திய வீராங்கனைகளுக்காவது வருஷத்துக்கு 3.2 லட்சம் ரூபா குடுக்கணும்னு கால்பந்து சம்மேளனம் 2023ல அறிவிச்சுது. 2023-24ல லீக்கும் ஊர் ஊராப் போயி ஆடுற மாதிரி மாறுச்சு. அதுக்கு முன்னாடி ஒரே ஊர்ல சில வாரத்துல முடிஞ்சு போகும். மாசக்கணக்குல ஆட்டம் இருந்தாத்தான் அது தொழில். கொஞ்ச நாள் ஆடிட்டு மிச்ச வருஷம் பூரா காத்துக் கெடந்தா அது தொழில் ஆகாது.

சரி, நாம என்ன பண்ணணும்? எனக்குத் தோணுறத எழுதறேன். உங்களுக்குத் தெரிஞ்சதக் கீழ எழுதுங்க.

ஒண்ணு, நேரம். கடற்கரை ஊர் ஒவ்வொண்ணுலயும் பொண்ணுங்களுக்குன்னு தினம் ஒரு மணி நேரம் மைதானம் ஒதுக்கணும். பசங்க கிரிக்கெட் ஆடி முடிச்சதும் மிச்சம் இருந்தா தர்றேன்னா, மிச்சம் இருக்காது. நேரம் குறிச்சு எழுதிப் போடணும். தம்பி தங்கச்சிக்கும் எடம் வேணும், மறந்துடாதீங்க.

ரெண்டு, விடுதி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதிங்க இருக்கு. 7, 8, 9, 11ஆம் வகுப்புல சேரலாம். தேர்வு நடக்குறதே எங்க பக்கத்து அம்மாமாருக்குத் தெரியறதில்ல. பஞ்சாயத்து போர்டுல ஒட்டலாம். ரேஷன் கடைல ஒட்டலாம்.

மூணு, முகாம் புள்ளைங்க. இதுல மட்டும் நான் கெஞ்சியே கேக்குறேன். குடியுரிமை பெரிய விஷயம், டெல்லி பேசவேண்டிய விஷயம், அதுக்குத் தொடர்ந்து குரல் குடுப்போம். அது வர்ற வரைக்கும் இந்தப் பொண்ணோட பதினாலு வயசு நிக்காது. அதனால இப்பவே, விளையாட்டு ஒதுக்கீட்டுல முகாம் புள்ளைங்களுக்குக் கல்லூரி எடம் குடுக்குற தனியார் நிர்வாகங்க முன்னாடி வரணும். தனியார் கம்பெனிங்க வேல குடுக்கணும். இந்துமதிக்கு போலீஸ் வேல என்ன பண்ணுச்சோ, அத இவளுக்கு வேற யாராவது பண்ணியாகணும்.

இதப் படிக்கிற உங்கள்ல கல்லூரில வேல பாக்குறவங்க இருப்பீங்க. கம்பெனி நடத்துறவங்க இருப்பீங்க. உடற்கல்வி ஆசிரியருங்க இருப்பீங்க. பொண்ணுங்கள ஆட வைக்க உங்களுக்குப் பந்து ஆடத் தெரியணும்னு அவசியமே இல்ல. விண்ணப்பம் நிரப்பத் தெரிஞ்சா போதும். சிபாரிசுக் கடிதம் எழுதத் தெரிஞ்சா போதும். ஒரு அம்மா முன்னாடி உக்காந்து, “உங்க பொண்ணு ஓடிப் போய்ச் சேர்ற எடத்துக்கு நான் பொறுப்பு”ன்னு சொல்லத் தெரிஞ்சா போதும்.

வாங்க. சவுக்குத் தோப்புல எடம் இருக்கு. ஆர்வமும் நெறைய இருக்கு.